தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு வெளியூர்க்காரன்

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் பரோட்டா சாப்பிட்டது. எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுத்த பரோட்டா. மலேசியாவில், எங்கள் தெலுக் இந்தானில் பரோட்டாவுக்கு ரொட்டி சானாய் என்று பெயர்; அதைப் போடுகிறவர் இதைப் பார்த்தால் ஒன்று மயங்கி விழுவார், இல்லை தொழிலை மாற்றிக்கொள்வார். சர்வர் அதைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, "இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்றை வைத்துவிட்டார். நல்ல சாப்பாடு கிடைக்கும்போதெல்லாம் எதிர் நாற்காலியைப் பார்க்கிற பழக்கம் எனக்கு. அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். என் மனைவி சரோஜா இருந்திருந்தால், "இந்த எண்ணெய் உங்க நெஞ்சுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் இரண்டு சாப்பிட்டிருப்பாள். அவள் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

நான் ஊர் சுற்ற வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் சிறிய கூட்டுறவுச் சங்கம் ஒன்று உண்டு. நான் அதற்குச் செயலாளர். ரப்பர் தோட்டங்களை அழித்து வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தை விட்டு வெளியேறிய எங்கள் சனங்களுக்கு எந்த வங்கியும் கதவைத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நிலமும் நகையும் இல்லாத பெண்கள்கூடக் குழுவாகச் சேர்ந்தால் வங்கி கடன் கொடுக்கிறது, அது எப்படி நடக்கிறது என்று பார்த்து வா என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். இளவட்டங்கள் இருக்க என்னை ஏன் அனுப்பினார்கள் என்றால், இவன் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நாலு இடம் போய் வரட்டும் என்று நினைத்திருப்பார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுனாமிக்கு அடுத்த வருடம், பங்குனி வெயில்.

சிவகாசி பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது என்ஜினுக்குப் பக்கத்து இருக்கை. கால் வெந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எங்கே வேலை என்று கேட்டேன். "ஆபீசுக்குப் போறேன்" என்றாள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, விரல் நகமெல்லாம் வெள்ளிப் பூச்சு. என்ன ஆபீஸ் என்று புரியாமல் விழித்தேன். "பயராபீஸ்ங்க, பட்டாசு" என்று சிரித்தாள். இங்கே தொழிற்சாலை எல்லாமே ஆபீஸ்தான். எங்கள் தோட்டத்தில் ஆபீஸ் என்றால் கிராணி, அதாவது கணக்கர், மட்டும் உட்காருகிற இடம். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கவேண்டும்.

லாட்ஜ் அறையில் நாலு சுவரிலும் நாலு காலண்டர் மாட்டியிருந்தார்கள். முருகன், லட்சுமி, ஒரு சுவிட்சர்லாந்து மலை, ஒரு குழந்தை. நால்வரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆனதும் அறையில் இருக்க முடியவில்லை. கீழே இறங்கி, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். முன்பக்கம் பேப்பர் கட்டிங் மூட்டைகள், ஓரமாகக் கண்ணாடிக் கூண்டு. பேப்பர் வியாபாரமும் போனும் ஒரே ஆள்தான். தலையில் வெள்ளைத் தொப்பி, என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஊரே அவரைப் பாய் என்றது, நானும் பாய் என்றேன்.

"மலேசியாவா? நம்பரச் சொல்லுங்க, நானே போட்டுத் தாரேன். சுத்துனீகன்னா லைன் கட்டாயிரும்" என்றார்.

நம்பரைச் சொன்னேன். மணி அடித்தது. நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"வெளிய கிளிய போயிருப்பாக. நாளைக்குப் பாப்பம். எடுத்தாத்தான் காசு" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்று சொல்லத் தேவையில்லை. எல்லாக் கிளையையும் போல வாசலில் சங்கிலியால் கட்டிய பேனா இருந்தது. மேனேஜர் கும்பகோணத்துக்காரர், கோபாலன் என்று பெயர். குடும்பம் அங்கே, இவர் இங்கே. அவரே சமைத்துச் சாப்பிடுகிறார், அதுவும் பெரும்பாலும் ரசம். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். வெளிநாட்டிலிருந்து அவருடைய கிளையைப் பார்க்க வந்த முதல் ஆள் நான்தானாம்.

"மகளிர் குழுன்னா எங்களுக்கு நல்ல அனுபவம் சார். மாடு கொடுப்போம். ஆடு கொடுப்போம். தையல் மெஷின் கொடுப்போம். ஆனா மாடுதான் மேலே இருக்கிறவங்களுக்குப் பிடிக்கும். பால் வரும், காசு வரும், கடன் அடையும். என் சர்வீஸ்ல நான் பார்த்த மாட்டுக்கு அளவே இல்லை" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும் முன்னே ஐந்தாறு பெண்கள் உள்ளே வந்தார்கள். தாயில்பட்டியை ஒட்டிய ஒரு காலனியிலிருந்து வருகிறார்கள். முன்னால் வந்தவள் பெயர் முத்துமாரி. குழுவுக்குத் தலைவி. முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டைக் குரல், யாரையும் நேரே பார்த்துப் பேசுவாள். மேனேஜர் அவளைக் கண்டதும் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"சார், நாங்க கேட்டது என்னாச்சு?"

"அதுதாம்மா நானும் சொல்றேன். மாடு வாங்குங்க. நாளைக்கே எழுதித் தாரேன்."

"மாட்டை யாரு சார் பாக்கிறது? விடிஞ்சா எல்லாரும் ஆபீசுக்குப் போயிருதோம். மாடு ஆபீசுக்கு வருமா? எங்களுக்கு வேன்தான் வேணும்."

வேன். பெண்கள் குழு வேன் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. மேனேஜரும் கேள்விப்பட்டதில்லை. குழுக்கடனில் வேன் கேட்டால் மேலே சிரிப்பார்கள் என்றார். அதனால் வருமானம் என்ன என்று கேட்பார்கள், நான் என்ன சொல்வது என்றார். முத்துமாரி அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஒவ்வொரு கம்பெனியும் ஆள் ஏற்றிவர வண்டிக்காரர்களுக்கு வாடகை தருகிறது, அந்த வாடகையை எங்களுக்குத் தரட்டும் என்றாள். பழைய வேன் ஒன்று விலைக்கு வருகிறது, நாளை மறுநாள் ஊருக்குக் கொண்டுவரச் சொல்கிறோம், நீங்களே வந்து ஏறிப் பாருங்கள் என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். வெளிநாட்டு ஆள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்றார்.

போகும்போது முத்துமாரி என்னிடம், "நீங்களும் வாங்க. அதுக்கு முன்னாடி நாளைக்கே வாங்க, எங்க ஊர்ல சாப்பிடுங்க. ஓட்டல்ல எம்புட்டு நாளைக்குச் சாப்பிடுவீக?" என்றாள். முன்பின் தெரியாதவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் லாட்ஜ் சாப்பாட்டுக் கூடத்தில் வடக்கே இருந்து பட்டாசு ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். எனக்கு இந்தி தெரியாது. பக்கத்து மேசைக்காரர் கைப்பேசியில் சிரித்துக்கொண்டே எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன சொல்கிறார் என்று சர்வரிடம் கேட்டேன். "இந்தூர்க்காரரு. மகள்கிட்டப் பேசுறாரு. சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, நான் இங்கன புளிச்சோறு தின்னேன், வாயெல்லாம் எரியுதுன்னு சொல்றாரு" என்று மொழிபெயர்த்தார். நானும் அதே புளிச்சோறுதான் தின்றிருந்தேன். சொல்லத்தான் ஆள் இல்லை.

பூத்துக்குப் போனேன். பாய் கேட்காமலே நம்பரைப் போட்டார். மணி அடித்து நின்றது. "இன்னைக்கும் எடுக்கலையே" என்று என்னைவிட அவர்தான் கவலைப்பட்டார்.

மூன்றாம் நாள் டவுன் பஸ்ஸில் முத்துமாரியின் ஊருக்குக் கிளம்பினேன். கண்டக்டர் ஓர் ஊருக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். தப்பு அவருடையதில்லை. "அடுத்த ஸ்டாப்பா?" என்று நான் எழுந்து நின்றதைப் பார்த்து, இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். வெயிலில் நடந்தேன். இரண்டு பக்கமும் கரிசல். வேலிக்கருவை மரங்கள். கம்பி வேலிக்குள் பட்டாசு ஆபீஸ்களின் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி, ஒவ்வொரு அறையின் நெற்றியிலும் சிவப்பு எழுத்து. பாமாயில் எடுக்கிற எங்கள் செம்பனைத் தோட்டங்களில் எங்கே பார்த்தாலும் பச்சை. இங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்கவேண்டும்.

முத்துமாரி எனக்காக லீவு போட்டிருந்தாள். வீட்டில் கருவாட்டுக் குழம்பு. நான் "பசியாறிட்டேன்" என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலைச் சாப்பாட்டை நாங்கள் அப்படிச் சொல்வோம் என்றேன். "நல்லாத்தான் இருக்கு. அப்ப மத்தியானப் பசிய ஆத்துங்க" என்று சோற்றைப் போட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று அவள் இடுப்பிலேயே இருந்தது. செல்வி என்பவளின் பிள்ளை. செல்வி வேலைக்குப் போயிருந்தாள்.

வேன் எதற்கு என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. விடியற்காலையில் கம்பெனி வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். எந்த வண்டியில் இடம் கிடைக்கிறதோ அதில் ஏறவேண்டும். ஏறின வண்டி எந்தக் கம்பெனிக்குப் போகிறதோ அதுதான் அன்றைக்கு வேலை. பட்டாசுச் சரம் பின்னத் தெரிந்தவள் வெடிமருந்து அறைக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். பிடிக்கவில்லை என்றாலும் திரும்பி வர வேறு வண்டி கிடையாது.

எனக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. எங்கள் பக்கம் கங்காணி போய்க் காண்டிராக்டர் வந்த பிறகு லோரிதான் எல்லாம். லோரி வைத்திருப்பவனுக்கே ஆள் சொந்தம். இதை நான் சொன்னபோது முத்துமாரி தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு முக்கியம் அது இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அதெல்லாம் சரிதாங்க. எங்க வேன்ல எங்க ஆளுகளே ஏறுனா, எவளை எந்த ஆபீஸ்ல இறக்கிவிட்டோம்னு தெரியும்ல? இப்பத் தெரியாதுங்க. அவளுக புருசனுக்கும் தெரியாது, பெத்தவளுக்கும் தெரியாது."

அந்தப் பேச்சு அன்றைக்கு என் காதில் முழுதாக விழவில்லை. குழம்பு அத்தனை நன்றாக இருந்தது.

சாயங்காலம் பாய் நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிக்கும்போதே ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீக. வீட்டுல யாரு இருக்காக?"

"யாரும் இல்லை, பாய்" என்றேன். "மனைவி தவறிட்டாங்க. மகன் மெல்போர்ன்ல. வீடு பூட்டிக் கிடக்கு. கூடத்துல அவ உக்காருற நாற்காலிக்குப் பக்கத்துலதான் போன் இருக்கு. அது அடிக்கிறதைக் கேக்கத்தான் போடச் சொல்றேன்."

சொல்லிவிட்டேன். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை, பேப்பர் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அதற்குள் மணி நின்றிருந்தது. பாய் திரும்பவும் நம்பரைப் போட்டு ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

"அடிக்கட்டும். நீங்க கேளுங்க" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் மூட்டைகளைக் கட்ட ஆரம்பித்தார்.

நாலாம் நாள் வேனைப் பார்க்கிற நாள். மேனேஜரும் நானும் பஸ்ஸில் போய் இறங்கினோம். குழுப் பெண்களில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டு, ஊர் நடுவே இருந்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வேன் நீல நிறம். புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. விற்கிறவர் மேனேஜரை முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார். என்னையும் ஏறச் சொன்னார்கள். பெயின்ட் வாசனைக்கு எனக்குத் தலைவலி வரும். நான் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்குப் பின்னால் தோட்டங்கள் வழியாக நடந்தேன். வழியில் ஒரு கிழவி வெள்ளரிப்பிஞ்சு விற்றாள். சாத்தூர்ப் பக்கத்து வெள்ளரி, கடித்தால் தண்ணீர் கொட்டும். உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிக் கொடுத்தாள். ஒரு கிணற்று மேட்டில் மர நிழலாகப் பார்த்து உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. 'டம்' என்று ஒற்றைச் சத்தம். யாரோ பட்டாசு போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பட்டாசு ஊரில் வேறென்ன கேட்கும்? இரண்டாவது வெள்ளரியைக் கடித்தேன்.

வெடிச் சத்தத்தைப் பட்டாசு என்று நினைக்கிறவன் அந்த வட்டாரத்தில் வெளியூர்க்காரன் மட்டும்தான். அது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரர் ராமசாமி என்கிற சம்சாரி; விவசாயியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மொபெட்டை வரப்பிலேயே ஓட்டிக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டதும் அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"ஏன்யா, இங்கன உக்காந்து வெள்ளரிக்கா தின்னுக்கிட்டு இருக்கீக! ஊரே உங்களைத் தேடுது!" என்று கத்தினார். பிறகு பின்னால் திரும்பி, "ஏலே, கிடைச்சுட்டாரு! கிணத்தடியில இருக்காரு!" என்று கூவினார். அந்தப் பக்கம் வேலிக்கருவைக்கு நடுவிலிருந்து ஒரு பெண், இந்தப் பக்கம் ஓடையிலிருந்து ஒரு ஆள் என்று நாலு பேர் வெளியே வந்தார்கள். அத்தனை பேரும் என்னைத் தேடியிருக்கிறார்கள். செருப்பில்லாமல் கருவை முள்ளில் ஓடியிருக்கிறார்கள். கையில் பாதி வெள்ளரியுடன் நான் திருடனைப் போல நின்றேன்.

மொபெட்டில் போகும்போது ராமசாமி விஷயத்தைச் சொன்னார். வெடித்தது அந்த நீல வேனின் டயர். ஊரைத் தாண்டிய வளைவில், மேனேஜரை வைத்துக்கொண்டே வெடித்திருக்கிறது. ஊருக்குள் இருந்தவர்களுக்கு அது டயர் என்று எப்படித் தெரியும்? ஏதோ பட்டாசு ஆபீஸ் வெடித்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் தொட்டியடிக்கு வந்துவிட்டார்கள். அந்த ஊர் வழக்கம் அது. சத்தம் கேட்டால் வெடித்த இடத்துக்கு ஓடக்கூடாது. தொட்டியடிக்கு வந்து முகம் காட்டவேண்டும். முகம் காட்டாமல் யாரும் வீட்டுக்குள் போகக்கூடாது. அன்றைக்கு ஊருக்கு வந்த விருந்தாளியும் அந்தக் கணக்கில் உண்டு.

தொட்டியடியில் ஊரே நின்றது. வீடு வீடாகச் சேர்ந்து நின்றார்கள். முத்துமாரி ஒவ்வொரு வீட்டின் பெயரையும் கூப்பிட, அந்த வீட்டார் கையைத் தூக்கினார்கள். மேனேஜர் ஓரமாகச் சட்டையெல்லாம் புழுதியோடு நின்று, "டயர்தாம்மா, டயர்தான் வெடிச்சது. நான்தான் உள்ளே இருந்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"டயர்னு தெரியுது சார். ஆனா சத்தம் கேட்டாச்சுல்ல. எல்லாரும் முகம் காட்டாம கலையக் கூடாது" என்றாள் முத்துமாரி. என்னைக் கண்டதும் அவள் குரல் மாறியது. "எங்கன போயிட்டீக? பேரு தெரியாம 'மலேசியாக்காரர், மலேசியாக்காரர்'னு கூப்பிட்டுத் தொண்டையே போச்சு. கையத் தூக்குங்க, எல்லாரும் பாக்கட்டும்."

தூக்கினேன். அந்தக் கூட்டம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. "இந்தா, இருக்காரு" என்று யாரோ சொல்ல, பலரும் பெருமூச்சு விட்டது கேட்டது. நான் காணாமல் போனேன் என்று யாராவது தேடுவார்கள் என்ற நினைப்பே எனக்கு விட்டுப்போயிருந்தது. கையைக் கீழே இறக்க மறந்து அப்படியே நின்றேன்.

கிட்டத்து ஆபீஸ்களில் சத்தம் கேட்டு வெளியே வந்த பெண்கள், கால்நடையாகவே வந்து முகம் காட்டினார்கள். ஒவ்வொருவராக வர வர வீடுகள் நிறைந்தன. ஒரு வீடு மட்டும் நிறையவில்லை. முத்துமாரியின் இடுப்பில் இருந்த குழந்தையின் தாய், செல்வி. காலையில் வழக்கமான வண்டியில் இடம் கிடைக்காமல், பின்னால் வந்த ஏதோ வண்டியில் ஏறிப் போனாள் என்று ஒருத்தி சொன்னாள். என்ன வண்டி என்று அவளுக்குத் தெரியவில்லை.

ராமசாமி மொபெட்டில் ஒவ்வொரு கம்பெனி வாசலாகக் கேட்டு வரப் போனார். செல்வியின் மாமியார் தொட்டிக் காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அதான் டயருன்னு ஆயிருச்சே பாட்டி. உங்க மருமகளுக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க போய் உட்காருங்க" என்றார் மேனேஜர்.

"டயருதான் சாமி. ஆனா அவ எங்கன இருக்கான்னு தெரியலையே" என்றாள் அவள்.

மூன்றரை பஸ் வந்தது, போனது. மேனேஜர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. யாரோ மோர் கொண்டுவந்து எங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்கள் குடிக்கவில்லை. மேனேஜர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாரணாபுரம் வரை போய் வந்த ராமசாமி, எங்கேயும் இல்லை என்று கையை விரித்தார். குழந்தை அழுதது, தூங்கியது, மறுபடி அழுதது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. பின்பக்கம் நிறைய வேறு ஊர்ப் பெண்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து குதித்து இறங்கியவள் தொட்டியடியில் ஊர் நிற்பதைக் கண்டாள். தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "யாரு? யாரு?" என்று கேட்டாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"நீதான்டி" என்று முத்துமாரி அவள் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். செல்வி கையைத் தூக்கினாள். அதன் பிறகுதான் ஊர் கலைந்தது.

வேனை விற்க வந்தவர் எப்போதோ நழுவியிருந்தார். கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் முத்துமாரியிடம், "அந்த வண்டிக்கு நான் கடன் கொடுக்க மாட்டேம்மா. ஏறினவங்க உயிரோட இறங்க மாட்டாங்க" என்றார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "சரி சார். மாடும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் மேனேஜர், சிவகாசி நெருங்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "புது வேனுக்கு எழுதிப் பார்க்கணும் சார். இதனால வருமானம் என்னன்னு கேட்பாங்க. அந்தப் பாட்டி சொன்னதை அதுல எப்படி எழுதுறது?" என்றார். மாட்டுக்கு எழுதுவது சுலபம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் கிளம்பினேன். பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, அவர் வழக்கம்போல நம்பரைப் போடக் கையை நீட்டினார். வேண்டாம் பாய், நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை.

ஊர் திரும்பிச் சங்கத்தில் அறிக்கை கொடுத்தேன். கடன் கொடுக்கும் முன் அவர்களுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள், நமக்குப் பிடித்ததைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். கைதட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு நான் விட்டுப் போனபடியே இருந்தது. போன் அதன் மேசையில் இருந்தது. உள்ளே நான் இருக்கும்போது அது அடிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டால் ஒழிய.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வார நாளில் அது அடித்தது. நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். தவறான எண்ணாக இருக்கும் என்று அடிக்க விட்டேன். நிற்கவில்லை. எச்சில் கையோடு போய் எடுத்தேன்.

"சார், சிவகாசி பாய் பேசுறேன். எடுத்துட்டீகளே!" அவர் குரலில் அத்தனை சந்தோஷம். "இங்கன ஒரு அம்மா லாட்ஜுல உங்க நம்பரக் கேட்டிருக்கு. அவுக எங்கிட்ட அனுப்பிவிட்டாக. எனக்குத்தான் அந்த நம்பரு மனப்பாடமாச்சே. இந்தாங்க, பேசுங்க."

"நான் முத்துமாரி பேசுறேன்" என்று அவள் கட்டைக் குரல் கேட்டது. பின்னால் ஒரே பெண்கள் சத்தம். "வேன் வந்துருச்சு! புது வேன்! மேனேஜர் சார் எழுதி எழுதிப் போட்டாக, மேல திருப்பித் திருப்பி அனுப்புனாக, விடலையே மனுசன். இப்பத்தான் ஷெட்ல இருந்து எடுத்தோம். பூத் வாசல்லதான் நிக்குது. செல்வி முன்னாடி உக்காந்துருக்கா."

நான் சந்தோஷம், சந்தோஷம் என்று சொன்னேன்.

"இதைச் சொல்லப் போன் போடலீங்க. முகம் காட்டிட்டுத்தான் வண்டிய எடுக்கணும்னு பேசி வச்சிருக்கோம், தினமும். முதல் நாள்ங்கிறதால ஒருத்தர் விடாமக் கூப்பிட்டோம். அன்னைக்குத் தொட்டியடியில நின்ன மேனேஜர் சாரு, ராமசாமி அண்ணாச்சி, எல்லாரும் வந்து காட்டிட்டாக. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வண்டி நிக்குது. இருக்கீகளா?"

சோற்றுக் கையைத் தூக்கினேன். கூடத்தில் யாரும் இல்லை, சரோஜாவின் நாற்காலி மட்டும் இருந்தது. போனில் கை தெரியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

"இருக்கேம்மா" என்றேன்.

"இருக்காராம்!" என்று அவள் வெளியே பார்த்துக் கத்தினாள். "மலேசியாக்காரர் இருக்காராம்! வண்டிய எடு!"

ஹாரன் சத்தம் கேட்டது.